கடைசி சீட்டு வரைக்கும்

வேன் அக்காவோடு வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் வண்டி நகராது என்பது அவள் கட்சி. ஹாரன் அடித்த பிறகு ஷூவைத் தேடுகிற பிள்ளை, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிற பிள்ளை, குறுக்கே பைக்கை விடுகிற பெரிய மனிதர், எல்லோருக்கும் அவளிடம் ஒரே மரியாதைதான்.

வாயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வேலையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகும் அவள் உடனே வண்டியைத் திருப்ப மாட்டாள். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு சீட்டின் அடியிலும் பார்த்தபடி கடைசி சீட்டு வரைக்கும் போய்த் திரும்புவாள். எப்போதோ வேறொரு வண்டியில், தூங்கிப்போன பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு டிரைவர் சாப்பிடப் போய்விட்டான். நல்லவேளை, யாரோ பார்த்துக் கதவை உடைத்தார்கள். அந்தச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து அவளுக்கு இந்தப் பழக்கம்.

"வண்டிதான் காலியாச்சே, என்னத்தப் பாக்குற?" என்று அவளுடைய தம்பி ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து கேலி செய்வான். "பேய் ஏறியிருந்தாக்கூட இந்நேரம் எறங்கிப் போயிருக்கும்க்கா."

இந்த வருஷக் கடைசி விடுமுறைக்கும் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். மனைவி, இரண்டு பெண்கள். மூத்தவள் புத்தகமும் கையுமாக ஒரு மூலையில் இருக்கிற ரகம். இளையவளுக்கு வீட்டில் பொடிசு என்று பெயர். ஆள்தான் பொடிசு, கேள்வி கேட்டால் பெரியவர்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள். நாத்தனார் பிள்ளைகள் இருவரும் வந்து சேர, சின்ன வீடு நிரம்பி வழிந்தது. வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். தம்பியின் புதுக் கார் வந்து நின்றதும், அக்கா தன் வேனை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் சுவரோரமாக விட்டுவிட்டு வந்தாள். விருந்தாளிக்கு அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

வந்தவர்கள் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அவள் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க பாருங்க. தீயோ, பொகையோ, கேஸ் வாடையோ, எது வந்தாலும் பொம்மையத் தேடுறேன், செருப்பத் தேடுறேன்னு நிக்கக் கூடாது. நேரா வெளிய ஓடி வேன்கிட்டப் போயிரணும். நான் வந்து தலைய எண்ணுற வரைக்கும் அங்கருந்து யாரும் அசையக் கூடாது."

"டீயாவது குடுத்துட்டு ஆரம்பிக்கா," என்றான் தம்பி. "விடுமுறைக்கு வந்த பிள்ளைங்கள ஏன் பயமுறுத்துற?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பொடிசு மட்டும் சிரிக்காமல், வேனுக்கு வெளியே நிற்க வேண்டுமா, உள்ளே உட்கார வேண்டுமா என்று கேட்டாள். "எங்கயோ இருடி, இருந்தாச் சரி," என்று சொல்லிவிட்டு அக்கா டீ போடப் போனாள்.

இவ்வளவு பேசுகிறவள் வீட்டில் எப்படித் தீப்பிடித்தது என்று கேட்டால், அதற்கு அவள் வீட்டுக்காரரின் கைவேலையைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. வாய் பேசாத மனிதர், பேச இடமும் கிடைக்காது. வெட்டிய காகிதத்தை ஓரம் தட்டி, மூலைக்கு மூலை சரியாக அடுக்குவது அவருடைய தொழில். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. அத்தனை பேரும் படுத்து எழுந்த மெத்தை, போர்வை, தலையணை எல்லாவற்றையும் காலையில் அவரே மடித்து, படுக்கை அறை மூலையில் சுவரோடு சுவராக, இடுக்கில்லாமல் அடுக்கிவிடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த மூலையில் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அந்த அடுக்குக்கு அடியில் அழகாகப் போய்விட்டது.

பாக்ஸ் பழசு, பிளக்கைச் செருகினால் ஆடும். அதில் நாலைந்து சார்ஜர். போதாததற்கு, சமையலறையில் கூட்டம் என்று டீக்கு வெந்நீர் போடுகிற கெட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து, ஒயரைக் கதவுக்கு அடியால் இழுத்து அதே பாக்ஸில்தான் சொருகியிருந்தார்கள். காலையிலிருந்து ஆளுக்கொரு டீ, கெட்டிலுக்கு ஓய்வே இல்லை. மேலே மெத்தை, கீழே சூடு. வெளியே போக வழியில்லாத சூடு என்ன செய்யும், உள்ளேயே வேலையைப் பார்த்தது.

ஹாலில் சீட்டாட்டம் சூடு பிடித்திருந்த நேரம். தம்பி தோற்றுக்கொண்டிருந்தான், அதனால் அக்கா ஏக குஷியில் இருந்தாள். கெட்டில் பாதியில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு வாடை. அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோய்ப் படுக்கை அறைக் கதவைத் திறந்தாள். முகத்தில் அடித்தது கறுப்புப் புகை. மூலையில் மெத்தை அடுக்கு சிவப்பாகத் தெரிந்தது, ஜன்னல் திரை பற்றிக்கொண்டிருந்தது.

"யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று ஒரு கத்து கத்தினாள். பதில் இல்லை. கதவை இழுத்துச் சாத்தினாள்.

"எல்லாரும் வெளிய! வேன்! வேன்!"

நாத்தனார் பையன் நல்ல பிள்ளையாக ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். "கரண்டுல தண்ணி ஊத்தாத, கீழ வச்சுட்டு ஓடு!" என்று அவனைப் பிடரியில் தள்ளினாள். வீட்டுக்காரர் வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படி இறங்கினார். கதவிடுக்கில் கசிந்த புகை ஹாலின் கூரையைத் தொட்டுவிட்டது. "குனிஞ்சு போங்க, குனிஞ்சு!" என்று கத்திக்கொண்டே அவள் கடைசியாக வெளியே வந்தாள். எதிர்வீட்டுக்காரர் அதற்குள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டிருந்தார்.

தெருவில் நின்று தலையை எண்ணினாள். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் குறைந்தது.

"பொடிசு எங்க?"

தம்பி மனைவி வீட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இப்பத்தான அண்ணி... பொம்மைய எடுத்துட்டு வரேன்னு அந்த ரூமுக்குள்ள போனா!"

தம்பி பாய்ந்தான். அக்கா அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள். சட்டை கிழிந்தது. இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரரும் வந்து பிடித்துக்கொண்டார்.

"விடுக்கா! எம்பொண்ணு உள்ள இருக்கா!"

"போகாத. உள்ள போனா ரெண்டு மூச்சு தாங்க மாட்ட. வண்டி சத்தம் கேக்குது பாரு, வந்துட்டாங்க. அவங்ககிட்ட மாஸ்க் இருக்கு."

"நீ எல்லாம் ஒரு அத்தையா?" என்று அவன் அவள் கையைக் கடித்தான். ஆமாம், கடித்தான், நாற்பது வயது ஆள். அவள் விடவில்லை. வாய்தான் தைரியம் பேசியது. கதவைச் சாத்தியது அவள். அந்தப் பக்கம் பொடிசு நின்றிருந்தால்? மூச்சு முட்டிக் குரல் வராமல் தரையில் கிடந்திருந்தால்? சாத்திய கதவின் கைப்பிடி இன்னும் உள்ளங்கையில் இருப்பது போலவே இருந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் சீட்டுக்கு அடியில் தேடுகிறவள், தம்பி பிள்ளையை உள்ளே வைத்து அடைத்துவிட்டாளா?

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. "இடது பக்க ரூம், கதவு சாத்தியிருக்கு, குழந்தை உள்ள இருக்கலாம்" என்று திக்காமல் சொன்னாள். இருவர் முகமூடியோடு உள்ளே போனார்கள். தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் பிடியை மட்டும் விடவில்லை.

போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து முகமூடியைக் கழற்றினார்.

"ரூமுல யாரும் இல்லம்மா. கட்டிலுக்கு அடியில, அலமாரி, பாத்ரூம், எல்லாம் பாத்தாச்சு. வீட்டுலயே யாரும் இல்ல."

இல்லை என்ற சொல்லைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் இருக்க மாட்டார்கள். ஆனால் சந்தோஷம் அரை மூச்சுக்குத்தான் நின்றது. அப்படியானால் எங்கே?

"இப்படி ஏதாவது ஆனா எங்க போகணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் தீயணைப்புக்காரர்.

"சொல்லியிருக்கேனே. வேன்கிட்டப் போகணும்னு."

"வேன் எங்கம்மா?"

அக்கா கையை நீட்டினாள். நீட்டிய இடத்தில் தம்பியின் புதுக் கார் நின்றது.

அவளுடைய கை அப்படியே கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. அவர்கள் எல்லோரும் வேன் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வந்திருந்தார்கள். ஒருவர்கூடச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. கூடுகிற இடத்துக்குச் சக்கரம் வைத்தவள் அவள்தான்.

ஓடினாள். அவ்வளவு வேகமாக அவள் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. செருப்பு ஒரு பக்கம் போனது. தம்பி அவளுக்குப் பின்னால், அவன் மனைவி அவனுக்குப் பின்னால். சந்தில் திரும்பினால் வேன் சுவரோரமாக நின்றது. பின்கதவின் தாழ்ப்பாள் கெட்டுப்போய், இழுத்தால் திறந்துகொள்ளும். அதைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரர் எத்தனையோ தடவை முனகியிருக்கிறார். அன்றைக்கு அந்தச் சோம்பலும் நல்லதுக்கே ஆனது.

உள்ளே, கடைசி சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு பொடிசு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம்.

"எவ்ளோ நேரம் அத்தை? ஒருத்தரும் வரல."

பொம்மையை எடுத்ததும் அவள் பின்பக்கம் குழாயடிக்குப் போய் அதற்குத் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வேன் வேன் என்று சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகச் சந்துக்கு ஓடி வந்துவிட்டாள்.

தம்பி அவளைப் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே, "யாரும் வரலைன்னா எறங்கி வந்திருக்கலாம்ல, கண்ணு?" என்று கேட்டான்.

"எதுக்கு?" என்றாள் பொடிசு. "அத்தைதான் கடைசி சீட்டு வரைக்கும் வந்து பாப்பாங்களே."

வாய்க்குப் பேர்போன வேன் அக்கா முன் சீட்டில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த ஒரு அறை போனது, மற்ற இடமெல்லாம் புகைக் கறுப்போடு தப்பியது. கதவு சாத்தியிருந்ததால்தான் வீடு பிழைத்தது என்று தீயணைப்புக்காரர் போகும்போது சொன்னார். விடுமுறையின் மிச்சத்தைச் சுவரைக் கழுவியே எல்லோரும் கழித்தார்கள். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. கரி பூசிய முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குப்பைக்குப் போனது. கெட்டில் சுவர் பிளக்குக்குப் போனது. கூரையில் புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று வந்தது. "வீட்டுல இப்ப ரெண்டாச்சு" என்றார் வீட்டுக்காரர், அந்த மாதம் அவர் பேசிய ஒரே நகைச்சுவை. புது மெத்தைகளை அவர் இப்போது சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் அடுக்குகிறார், மூலைக்கு மூலை சரியாக. கூடுகிற இடம் எதிரே இருக்கிற தெருவிளக்குக் கம்பம் என்று மாறிவிட்டது. அதை யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாதல்லவா?

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், பிள்ளைகளை வேனில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு வந்து நிறுத்தினாள் அக்கா. எல்லோரும் இறங்கினார்கள், பொடிசு உட்பட. அக்கா எழுந்திருப்பதற்குள் தம்பி வண்டிக்குள் ஏறிவிட்டான். குனிந்து, ஒவ்வொரு சீட்டின் அடியிலும் பார்த்துக்கொண்டே போனான். அவன் கடித்த தழும்பைத் தடவியபடி அவள் ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிதான் காலியாச்சே, என்னத்தடா பாக்குற?"

"சும்மா இரு அக்கா," என்று சொல்லிவிட்டு, அவன் கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.