இருபது வயதில் கற்றுக்கொண்ட பல் விளக்கல்

பல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரை நான் காலையில் மட்டும்தான் பல் விளக்கினேன். ராத்திரி ஏன் விளக்க வேண்டும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எழுதி முடித்த களைப்பில் ஹாஸ்டலுக்கு வந்து, கிரீம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அப்படியே படுத்துவிடுவேன்.

என் அறைத்தோழி கோட்டக்குப்பத்துப் பெண். சனிக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குப் போவோம். அவள் முதலில் இறங்குவாள், நான் மரக்காணம் வரை போவேன்.

அந்த வருஷம் எங்கள் வகுப்புக்கு மரக்காணம் உப்பளத்தில் முகாம் போட்டார்கள். விடியும் முன்னே உப்பு வார இறங்கியவர்கள் பத்து மணிக்கெல்லாம் கரையேறி, கொட்டகையில் வந்து உட்கார்ந்தார்கள். சொந்த ஊர் என்பதால் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. தோழி பெரிய பிளாஸ்டிக் பல் செட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினேன். படுக்கும் முன் ஒரு முறை கட்டாயம் விளக்குங்கள், பாக்கை விடுங்கள் என்று சொன்னேன்.

முன்வரிசையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் இருந்தார். என் அம்மாவோடு உப்பு சுமந்தவர். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "நீ ராத்திரி வெளக்குறியாம்மா?" என்றார்.

கேலியெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வெளக்குறேங்க்கா" என்றேன்.

திரும்பும்போது கல்லூரி பஸ்ஸில் தோழி பல் செட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாக, "பொய் சொல்லிட்டியேடி" என்றாள்.

"நீ வெளக்குறியா?"

"நானுந்தான் இல்ல."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும், சாரிடம் கேட்டுக்கொண்டு, ஒருவர் வாயை ஒருவர் பார்த்தோம். அவளுக்கு ஈறு தொட்ட இடமெல்லாம் ரத்தம் வந்தது. எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மூன்று வருஷமாக அடுத்தவர் வாயைப் பார்க்கப் படித்தவர்கள், எங்கள் வாயைப் பார்த்ததே இல்லை.

என் பல்லை அவள்தான் அடைத்தாள், சார் பக்கத்தில் நிற்க. வலித்தால் கையைத் தூக்கச் சொன்னாள். வலித்தது. தூக்கினால் பயந்து நிறுத்திவிடுவாள் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். முடிந்ததும் அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

அன்றிலிருந்து இருவரும் விளக்க ஆரம்பித்தோம். ஒருத்தி மறந்து படுத்தால் இன்னொருத்தி போர்வையை இழுப்பாள். ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது நேராக அந்த அக்கா வீட்டுக்குப் போய், அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன்.

"தெரியும்மா. சொல்லும்போது நீ கீழ பாத்த" என்றார். கோபமில்லை. "இப்ப?"

"ஒரு மாசமா வெளக்குறேங்க்கா."

"அப்ப நானும் பாக்குறேன்."

பாக்கை அவர் முழுசாக விடவில்லை. ஆனால் ராத்திரி பல் விளக்கினார். அவர் மகள் குறைப்பட்டுக்கொண்டதால்தான் எனக்குத் தெரியும். படுக்கிற நேரத்துக்கு அம்மா பிரஷ்ஷும் கையுமாக எல்லோரையும் எழுப்புகிறாராம்.

இப்போது மரக்காணத்திலேயே கிளினிக் வைத்திருக்கிறேன். ராத்திரி விளக்குவதில்லை என்று தலைகுனிகிறவர்களிடம், நானே இருபது வயதில்தான் ஆரம்பித்தேன் என்று சொல்லிவிடுவேன். அதன்பிறகு அவர்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள்.

தோழி கல்யாணமாகி ஷார்ஜா போய்விட்டாள். போனில் பேசுகிறோம், பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம். எனக்கோ அந்த ஹாஸ்டல் வாஷ்பேசின்தான் நினைவுக்கு வரும். வாய் நிறைய நுரையோடு அவள் ஏதோ முக்கியமாகச் சொல்ல வருவாள். ஒரு வார்த்தையும் புரியாது. துப்பிவிட்டுச் சொல்லேன்டி என்பேன். துப்பிய பிறகு, என்ன சொல்ல வந்தோம் என்பதே அவளுக்கு மறந்திருக்கும்.