தீபத்துக்கு முன் அடைத்த கலங்கல்

ஒரு பெண்ணின் சாவுக்கு நான் காரணம். ஊர் அதை விபத்து என்று சொன்னபோது நான் மறுக்கவில்லை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சென்னையில் என்ஜினீயரிங் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல், திண்டிவனத்துக்குத் தெற்கே எங்கள் நிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஏரிப் பாசனம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக ஓடையில் இறங்கும். கலங்கலின் மேல் குத்துக்கற்கள் பல்வரிசை போல நிற்கும். கார்த்திகை தீபம் கழிந்து, இனிப் பெருமழை இல்லை என்று ஆன பிறகு அந்தக் கற்களுக்கு இடையிலுள்ள கண்களை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ஏரியில் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். தீபத்துக்கு முன்னால் யாரும் தொடமாட்டார்கள். அந்த வருஷம் நான் ஐப்பசியிலேயே அடைக்கச் சொன்னேன். இன்னொரு போகம் எடுக்கும் ஆசை.

அடைத்தவர் எங்கள் பண்ணையாள். என்னைவிட மூத்தவர், அப்போது ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம், சேரியில், அவர் குடிசை. கேப்பைக் கூழ் கொண்டுவந்த அவர் மனைவி கரையில் நின்று சிரித்தார்.

“தீபம் வர்றதுக்குள்ளவே வாயக் கட்டிப்புட்டீங்களே சின்னய்யா, ஏரி மூச்சு வுட வாணாமா?”

“உன் வாயையும் சேத்துக் கட்டச் சொல்லட்டுமா?” என்றேன்.

“இவ வாய அடைக்க ஏரி மண்ணு மொத்தமும் போதாதுங்க” என்றார் கணவர். மூவரும் சிரித்தோம்.

தீபத்துக்கு முந்திய வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. கரையின் தலையைத் தொட ஏரிக்கு ஒரு சாண்தான் பாக்கி. உட்புற மண் பிளந்து பிளந்து விழுந்தது. அடைப்பு மட்டும் அசையவில்லை; நன்றாக அடைத்திருந்தார். கீழே ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒவ்வொரு கண்ணாகத் திறந்தால் ஓடை மெல்ல ஏறும். உள்ளே இருப்பவர்கள் பார்த்துக் கரையேறிவிடலாம். எல்லாக் கண்களையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் சுவர் போல எழுந்து ஓடும். இதைப் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் மெல்லத் திறந்தால் எங்கள் கரை தாங்காது என்று தோன்றியது.

“எல்லாத்தையும் ஒண்ணா இடிச்சுத் தள்ளுங்கடா” என்றேன், பண்ணையாளிடமும் உடன் வந்த ஆட்களிடமும்.

அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். “ஓடையாண்ட ஒரு ஆளு போயி சொல்லிட்டு வந்துடட்டுங்களா? ஆடு ஓட்டிக்கினு எறங்குவாங்க.”

“இந்த மழையில எவன்டா எறங்கப் போறான்? ஜல்தி தள்ளு.”

தள்ளினார். கலங்கல் கண்களில் தண்ணீர் பாய்ந்த இரைச்சலைவிட, சற்றுக் கழித்து ஓடை வளைவுக்கு அப்பாலிருந்து வந்த இரைச்சல் பெரிதாக இருந்தது. அவர் மனைவி ஆடுகளைக் கரையேற்ற இறங்கியிருந்தார். ஆடுகள் ஏறிவிட்டன. அவரை மறுநாள் கீழ் ஏரியின் கோரைக்குள் கண்டெடுத்தார்கள்.

விழுப்புரத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம், அடைப்பு தானாக உடைந்தது என்றேன். பண்ணையாள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அடுத்த வருஷம் ஊர் கூடிய இடத்தில் எழுந்து, உடைக்கச் சொன்னது நான், என்ன வரும் என்று தெரிந்தே சொன்னேன் என்றேன். பெரியவர்கள் என் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு திருவிழாக் கூத்துக்குக் குடும்பத்துக்கு எவ்வளவு தலைக்கட்டு வரி என்று பேசத் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த பண்ணையாள், நான் போகும்போது அருகில் வந்தார்.

“நீங்க சொன்னீங்க. தள்ளினது என் கையிங்களே” என்றார்.

என் பங்கு நிலத்தில் பாதியை விற்று ஓடைக்குக் குறுக்கே கல்பாலம் கட்டினேன். சேரியில் எல்லோரும் அதில்தான் போனார்கள், ஆடுமாடுகளும் போயின. அவர் மட்டும் ஏறவில்லை. மழைக்காலத்திலும் பாலத்தை ஒட்டியே தண்ணீரில் இறங்கிக் கடந்தார்.

தீபத்துக்கு முன்னால் கலங்கலை அடைக்க அதன் பிறகு நான் யாரையும் விட்டதில்லை. அப்படியும் வானம் கறுத்தால் அங்கே போய்விடுவேன். ஓடையின் நடுவில் அவர் கொஞ்சம் நின்று, நான் இருக்கும் மேட்டைப் பார்ப்பார். அவர் அக்கரை ஏறும்வரை குத்துக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.