மெதுவாக ஊற்றச் சொன்ன அலமேலு மேடம்

"அக்கா போயிட்டாங்க சார்" என்று இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து அலமேலு மேடத்தின் தம்பி போனில் சொன்னபோது, செல் வளர்ப்புப் பெட்டியின் கதவில் கை வைத்திருந்தேன். உள்ளே மேடம் வளர்த்த குருத்தெலும்புச் செல்கள் இருந்தன. திறக்கப் பயந்து கையை எடுத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மேடமும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆட்டுக்கால் மூட்டு வாங்க அவரே கறிக்கடைக்குப் போவார். "இன்னாம்மா, சூப்புக்கா?" என்பார் கடைக்காரர். "இல்லண்ணா, செல்லு எடுக்க." "ஆட்டுக்கு ஏதும்மா செல்லு?" இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கரியாலூர் மலைமேட்டில் சாமை மூட்டை சுமந்தே முழங்கால் தேய்ந்தவர் அவருடைய அம்மா. பாரம் ஏறினால் குருத்தெலும்பிலிருந்து நீர் பிழியப்படும், உப்பு மிகும், செல் சுருங்கும். பாரத்தை இறக்கினால் நீர் திரும்பி வரும், செல் வீங்கும். வீங்கியதும் அதன் மேல்சவ்விலுள்ள நுண்வாசல்கள் திறந்து கால்சியம் உள்ளே நுழையும். அதுதான் எச்சரிக்கை. செல் கொஞ்சம் உப்பை வெளியே தள்ளும், கூடவே நீரும் வெளியேற, பழைய அளவுக்கு வந்துவிடும். இதைத்தான் அவர் ஆராய்ந்தார்.

ஒருமுறை அவசரத்தில் கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டார். மைக்ரோஸ்கோப்பில் செல்கள் உப்பி வெடிப்பதைப் பார்த்து முகம் வெளுத்துப் போனார். அதன்பிறகு யார் கரைசல் மாற்றினாலும், "மெதுவா சார், மெதுவா. அதுங்க பயந்துக்கும்" என்பார்.

போன வாரம் ஊருக்குப் போன இடத்தில் அவருக்குக் காய்ச்சல், ஓயாத வாந்தி. "வெறும் தண்ணியா குடிச்சிக்கினே இருந்தாங்க சார். ஒடம்புல உப்பு ரொம்ப கம்மியாயிடுச்சாம்" என்று அப்போது போனில் சொன்னார் தம்பி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். உடம்பில் உப்பு குறைந்தால் மூளைச் செல்களும் நீரேறி வீங்கும். மண்டைக்குள் மூளை வீங்கினால் அதற்கு இடம் ஏது?

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு சலைன் பாட்டிலையே பார்த்தபடி, "வேகமா ஏத்தறாங்களா சார்? மூளை தாங்காது. மெதுவா ஏத்தச் சொல்லுங்க" என்றார்.

"மெதுவாத்தான் ஏத்தறாங்க மேடம்."

உண்மைதான். உப்பு சட்டென்று ஏறினால் மூளை நரம்புகள் கெட்டுவிடும் என்று டாக்டருக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் வீக்கம் முந்திக்கொண்டது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று மேடத்துக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

இன்று அந்தச் செல்களுக்குக் கரைசல் மாற்ற வேண்டிய நாள். மாலையில்தான் கதவைத் திறக்கத் துணிந்தேன். உருண்டையாக, தெளிவாக, உயிரோடு இருந்தன. பிப்பெட்டில் புதுக் கரைசலை உறிஞ்சி எடுக்கிறேன்.

பயமாக இருக்கிறது மேடம். மெதுவாகத்தான் ஊற்றுகிறேன். போய் வாருங்கள்.