நல்லூர் பஸ் ஸ்டாப்பில் விழுந்த அடி

என் மகன் பிரபுவுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசம், பேச்சு வராது. அன்று நல்லூர் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்ற குழந்தையின் பனியனைத் தடவிப் பார்த்தான். "பிள்ளை பிடிக்கிறவன்!" என்று யாரோ கத்த, கூட்டம் அவன்மேல் பாய்ந்தது. வாயெல்லாம் ரத்தம். "எம்பட பையனுங்க, ஒண்ணுந் தெரியாதுங்க!" என்று நான் கதறியது யார் காதிலும் ஏறவில்லை.

எதிரிலிருந்த தையல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து அவன்மேல் கவிழ்ந்தாள். ஓங்கிய கட்டை அவள் தோளில் இறங்கியது.

"எம்பட புள்ளையும் இப்படித்தானுங்க! என்னையும் கொல்லுங்க!" என்று அலறினாள். அடித்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஆஸ்பத்திரியில் தோளில் கட்டோடு, "ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்கு வாங்கக்கா. நம்மளாட்டம் அம்மாக்க நெறையப் பேர் வருவாங்க" என்றாள்.

போனேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்லி அழுதேன். இத்தனை வருடமும் இந்த அம்மாக்கள் என் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் கூடிக்கொண்டிருந்தார்கள்.