வெட்டிவேரில் விழுந்த ஆரஞ்சு நிறம்

வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு மூலிகைக் கம்பெனி லேபில் அட்டெண்டராகச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. அதற்குமுன் திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், ஒரு வருடம் இறால் குட்டைக்குக் காவல் இருந்தேன். தங்கியது கருவாடு காயவைக்கும் இடத்தை ஒட்டிய அறை. வாடகை குறைவு. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் நெத்திலி போகாது.

மூன்று மாதம் வேலை பார்த்தால்தான் நிரந்தரம் என்றார் மேனேஜர். இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

எங்கள் கெமிஸ்ட் நஸ்ரின் மேடம், காரைக்கால்காரர். ஒருநாள் எனக்கு ஒரு நீல பாட்டிலைக் கொடுத்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எங்க நானா, அதான் எங்க அண்ணன், துபாய்லேருந்து கொண்டாந்தாங்க. துணிய அலசிட்டு, கடைசித் தண்ணியில ஒரு மூடி ஊத்தி முக்கி எடுங்க. அதுக்கு மேல அலசக் கூடாது, வாசன போயிரும்."

மூடியைத் திறந்தேன். லேபே ரோஜாத் தோட்டமானது. இவ்வளவு உயர்ந்த சரக்கை என் சட்டைக்கு ஊற்ற மனம் வரவில்லை. அந்த லேபில் என்னைவிட மரியாதைக்குரியவை டெஸ்ட் டியூப்கள்தான். நாற்பது டியூபையும் கழுவி, கடைசித் தண்ணீரில் ஒரு மூடிக்கு இரண்டாக ஊற்றி, முக்கி எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். சொன்னபடி, அதற்கு மேல் அலசவில்லை.

மறுநாள் காலை விழிதியூர் பக்கிரிசாமி லோடு ஆட்டோவில் பதினோரு கட்டு வெட்டிவேரோடு வந்தார். மணல் கொல்லையில் முதன்முறையாக வெட்டிவேர் போட்டிருந்தார். "புல்லு வளக்குறாரு மாப்ள" என்று மாமனார் வீட்டில் சிரித்தார்களாம். இந்த லோடு போனால்தான் அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியும்.

எந்தச் சரக்கு வந்தாலும் ஆல்கலாய்டு என்கிற செடிச் சத்து இருக்கிறதா என்று டெஸ்ட் உண்டு. வேரை இடித்து, நீர்த்த ஆசிட்டில் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் டிராகன்டார்ஃப் என்ற கரைசலைச் சில சொட்டு விட வேண்டும். ஆல்கலாய்டு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் திரிந்து அடியில் இறங்கும். மேயர் கரைசல் என்றால் வெள்ளையாகத் திரியும். ஊமத்தை, எட்டி மாதிரி விஷச் சரக்குகள் இதில் மாட்டிக்கொள்ளும். வெட்டிவேருக்கு எங்கள் ரிஜிஸ்டரில் அதுவரை நெகடிவ்தான்.

அன்று ஆரஞ்சு விழுந்தது. மேயர் ஊற்றினோம், வெள்ளை விழுந்தது.

"ஊமத்த வேரக் கலந்திருக்காரு. லோட திருப்பி அனுப்புங்க. மத்த கம்பெனிக்கும் பேரச் சொல்லிருவோம்" என்றார் மேனேஜர்.

"எங் கொல்லையில ஊமத்தையா?" பக்கிரிசாமி ஒரு கட்டை இழுத்து, வேரைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். "பாத்துக்கிட்டே இருங்க. எனக்கு என்ன ஆவுதுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

ஊமத்தை தின்றால் நாக்கு வறளும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், கண்மணி விரியும். மேனேஜர் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"தண்ணி இருந்தா குடுங்க" என்றார் பக்கிரிசாமி.

"நாக்கு வறளுது. எழுதிக்கிட்டேன்."

"லைட்டுல ரெண்டு பல்லி கெடக்குது பாருங்க."

"கண்ணுக்கு என்னமோ தெரிய ஆரம்பிச்சிருச்சு!"

நஸ்ரின் மேடம் நிமிர்ந்து பார்த்தார். "சார், ரெண்டு பல்லி கெடக்குது."

மேனேஜர் செல்போன் டார்ச்சைப் பக்கிரிசாமியின் கண்ணில் அடித்தார். "ஏங்க, கண்ணுல வெளக்கடிச்சா கோவம் வராதா?" என்று பக்கிரிசாமி கத்தினார். 'கோபம்' என்று மேனேஜர் அதையும் எழுதிக்கொண்டார்.

அரைமணி நேரம் போனது. பக்கிரிசாமி டீ கேட்டார். சர்க்கரை தூக்கலாக.

மேடத்துக்குச் சந்தேகம் வந்தது. "சார், அவசரத்துல நாம ப்ளாங்க் போடல." ப்ளாங்க் என்றால் வேர் மட்டும் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து பார்ப்பது. கவிழ்த்து வைத்திருந்ததில் இன்னொரு டியூபை எடுத்துக் கொடுத்தேன். வெறும் தண்ணீர், ஆசிட், டிராகன்டார்ஃப். ஆரஞ்சு விழுந்தது.

"தண்ணியிலயே ஊமத்தையா!" மேனேஜர் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். காலையிலிருந்து அதே தண்ணீரில் இரண்டு சொம்பு குடித்திருந்தார். "நஸ்ரின், எனக்கும் நாக்கு வறளுதும்மா. மேல மூணு பல்லி தெரியுது."

மூன்றாவது பல்லி அப்போதுதான் வந்திருந்தது.

பக்கிரிசாமி எழுந்து வந்து, கவிழ்த்து வைத்திருந்த டியூப் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார். "என்ன தம்பி, ரோசாப்பூ வாசன வருது? எங்க வேருல இது கெடையாதே."

மேடம் என்னைப் பார்த்தார். தண்ணீர்தான் கெட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு போனால் என் வேலை தப்பிக்கும். ஆனால் வெளியே ஆட்டோக்காரர் கட்டுகளை மறுபடி ஏற்ற ஆரம்பித்திருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அது உங்க சட்டைக்குக் குடுத்ததுண்ணே!"

"சட்டையவிட டியூப் முக்கியம்னு நெனைச்சேன் மேடம்."

மேனேஜர் அருகில் வந்து என் தோளில் மூக்கை வைத்தார். "உண்மையத்தான் சொல்றான். சட்டையில ஒரு சொட்டுகூட ஊத்தல."

அந்தத் திரவத்தில் துணியோடு ஒட்டிக்கொள்கிற சரக்கு இருக்கிறது, கண்ணாடியிலும் ஒட்டும், டிராகன்டார்ஃப் அதை ஆல்கலாய்டு என்று நம்பிவிடும் என்று மேடம் விளக்கினார். டியூப்களை ஆசிட்டில் ஊறவைத்து, அலசி அலசிக் கழுவினேன். இந்த முறை ப்ளாங்கை முதலில் போட்டோம். நிறம் இல்லை. வெட்டிவேர் போட்டோம். நிறம் இல்லை. பதினோரு கட்டும் உள்ளே போயின. மேனேஜர் எழுதிய பேப்பரைப் பக்கிரிசாமி கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், மாமனாருக்குக் காட்ட.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் மேனேஜர் மட்டும் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். அடுத்தவர் சரக்கில் குறை சொல்லுமுன் ப்ளாங்க் போடுங்கள். சுத்தமான கண்ணாடிக்கு வாசனை கிடையாது.

அடுத்த லோடோடு வந்தபோது பக்கிரிசாமி கட்டை இறக்கவிடவில்லை. நேரே லேபுக்குள் வந்து டியூப்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சட்டையையும் மோந்தார்.

"ரோசா இங்கதான் இருக்கு. இப்ப டெஸ்ட்டப் போடுங்க."