இரண்டாவது அடுப்படி

“கணக்குப் படிச்சிருக்கா, சரி. நாப்பது பிள்ளைக முன்னாடி நின்னு சொல்லிக் குடுக்க வருமா இவளுக்கு?”

காலை பஸ்ஸில் பெரியம்மா இதை என்னிடம் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தில், ஏழாம் வகுப்புக் கணக்குதானே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்றேன். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். நன்றாக எடுத்தால் கணக்கு டீச்சர் வேலை. பருத்தி எடுக்கப் போகாமல் அம்மாவும் கூட வந்திருந்தாள்.

கரும்பலகையில் 5(x + 3) = 40 என்று எழுதினேன். அடைப்புக்குறியை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும், அடுப்படி இரண்டு என்றால் கல்யாணப் பத்திரிகையைத் தனித்தனியாக வைக்க வேண்டும். அண்ணனுக்கு மட்டும் வைத்துவிட்டு வந்தால் தம்பி வீட்டார் பந்தலில் கால் வைக்க மாட்டார்கள். வெளியே நிற்கும் ஐந்தும் அப்படித்தான், உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியைகூடத் தலையசைத்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அம்மா நிற்பது தெரிந்தது. திரும்பி, 5x + 3 = 40 என்று எழுதினேன்.

மூன்றைக் கழித்தேன். 5x = 37. முப்பத்தேழு ஐந்தால் சரியாக வகுபடவில்லை. எங்கே தவறியது என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றேன்.

முன்வரிசையில் ஒரு சிறுமி சொன்னாள்: “டீச்சர், ரெண்டாவது அடுப்படிக்குப் பத்திரிகை வைக்கலையே.”

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவதற்குள் மணி அடித்தது. சொல்லி அனுப்புகிறோம் என்றார் தலைமையாசிரியை.

வெளியே அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். “பிள்ளைக எல்லாம் அப்படிச் சிரிச்சுச்சுக. நல்லா நடத்துனியாத்தா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஊர் பஸ் இன்னும் கிளம்பவில்லை. டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு பெரியம்மாவும் ஏறியிருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள். நான் பேசப் பேசப் பிள்ளைகள் சிரித்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “இனிமே இவளை டீச்சருன்னுதான் கூப்பிடணும்க்கா” என்றாள். பெரியம்மா நகர்ந்து எனக்கு ஜன்னலோர இடம் விட்டார். அந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

“இல்லம்மா. நான் தப்பாப் போட்டேன். என்னையப் பாத்துத்தான் சிரிச்சுச்சுக.”

அம்மாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. போக இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது. அதைப் பார்க்க முடியாமல்தான் அவர்களை விட்டுவிட்டுப் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கண்டக்டர் விசில் கொடுத்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பள்ளி வாசலில் வாட்ச்மேனிடம், “அதே வகுப்புல அதே கணக்க இன்னொரு தடவ போடணும்னு மேடத்துக்கிட்டச் சொல்லுங்கண்ணே” என்றேன். அவர் உள்ளே போனார். அம்மா நின்ற வேப்பமரத்தடியில் நான் நின்றேன்.