மாறுவேடத்தில் முதல் பரிசு

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கேப்ஸ்யூல் அது. பாதி சிவப்பு, பாதி மஞ்சள். உள்ளேயிருந்த மருந்தைக் கொட்டிவிட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்து, பத்து வயதுப் பையன் ஒருவனின் கழுத்தில் என் மாமா கட்டிக்கொண்டிருந்தார். பிடிபட்டால் கடித்துச் சாகிற விஷக் குப்பியாம். சபரிமலைக்கு மாலை போட்டுவிடுகிற பக்தி அவர் முகத்தில். இரண்டாயிரத்து எட்டில், ஒரு காணும் பொங்கல் அன்று, வேங்கிக்காலில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பையன் பெயிண்டர் அண்ணனின் மகன். அண்ணன் இலங்கையிலிருந்து வந்தவர். குடும்பம் அகதி முகாமில் இருந்தது. எங்கள் தெருவில் புதிதாக முளைத்த வீடுகளில் பாதி அவர் கை பட்டவை. எங்கள் வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தபோது, அப்பா வாய் சும்மா இருக்காமல், "அங்க எந்த இயக்கத்துல இருந்தப்பா?" என்று கேட்டார். "எதுல இருந்தா என்ன சார், அப்ப எனக்குப் பன்னண்டு வயசு" என்றார் அண்ணன். பிறகு, பிரஷைக் கீழே வைக்காமலே சொன்னார். எண்பத்தொன்பதில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இயக்கக்காரர்கள் வழிமறித்து வேனில் ஏற்றியிருக்கிறார்கள். மொட்டை அடித்து, இடுப்பில் நிற்காத கால்சட்டையைக் கொடுத்து, தோள் உயரத் துப்பாக்கியைக் கையில் திணித்திருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி படுக்கையை நனைத்த பிள்ளைகளை விடிந்ததும் வரிசையாக நிறுத்தி அடித்தார்களாம். "நானும்தான் சார் நனைச்சேன்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் பையனுக்கு இது தெரியாது. தெரியவே கூடாதுங்க."

மாமாவும் அப்போது அங்கேதான் இருந்தார். தெரு இளைஞர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். வயது ஐம்பத்தைந்து, ஆனாலும் இளைஞர். இத்தனையும் கேட்ட அந்த மனுஷன் காதில் துப்பாக்கி மட்டும்தான் விழுந்திருக்கிறது. நனைந்த படுக்கை விழவில்லை, கடைசியில் கேட்ட அந்த ஒன்றும் விழவில்லை. மன்றத்தின் மாறுவேடப் போட்டிக்காக, பொங்கலுக்கு முந்தின வாரம் முழுக்கப் பையனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் ஒத்திகை பார்த்தார். என்ன வேஷம் என்று அண்ணன் கேட்டதற்கு, "சஸ்பென்ஸ்ங்க, நீங்க முன் வரிசையில வந்து குந்துங்க, போதும்" என்றார். முருகன் வேஷமாக இருக்கும் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முருகன் வந்தது, போலீஸ் வந்தது, காவி கட்டிய சாமியார்கள் மூன்று பேர் வந்தார்கள். கிரிவலம் நடக்கிற எங்கள் ஊரில் அந்த வேஷத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. கடைசியாக, பச்சைப் புள்ளிச் சட்டையும் மையால் வரைந்த மீசையுமாகப் பையன் வந்தான். பிளாஸ்டிக் துப்பாக்கியால் நாலு பக்கமும் சுட்டான். பிறகு கேப்ஸ்யூலைக் கடித்து, கை காலை உதறி, மேடையில் விழுந்து செத்தான். விசில் பறந்தது. பெற்ற தகப்பன் கண்ணெதிரே பிள்ளை சாகிறான், பக்கத்து வீட்டு ஜனம் விசில் அடிக்கிறது. ச்சே, என்ன ஜென்மங்கள் நாம். முன் வரிசையில் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

மாமா அதையும் பெருமிதம் என்றே எடுத்துக்கொண்டார். "இது வேஷம் இல்லீங்க. இவங்கப்பா பன்னண்டு வயசுலயே நிஜத் துப்பாக்கி தூக்கினவரு" என்று மைக்கில் போட்டு உடைத்தார். முதல் பரிசான டிபன் கேரியரைப் பையனிடமும் மைக்கை அண்ணனிடமும் கொடுத்தார். இத்தனை வருடம் எங்களோடு எங்கள் பேச்சையே பேசிய மனிதர் அன்று சொந்தப் பேச்சில் பேசினார்.

"என்னைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க என்ர அம்மா வேனுக்குப் பின்னால ஓடி வந்தவ. சீலை அவிழ, ரோட்டில விழுந்து எழும்பி ஓடி வந்தவ. அவவின்ர வேஷத்தை ஏன் ஒருத்தரும் போடுறியள் இல்லை?"

பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டினார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கி, "அடுத்த வருஷம் அந்த அம்மா வேஷத்தையும் போட்டுடலாம்ங்க" என்றார்.

மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னமும் இந்தக் கதையைச் சொல்கிறார். "அன்னிக்கு என்னா பேச்சு பேசினான்றீங்க" என்பார். ஒரு முறை பொறுக்காமல், "பையனுக்குத் தெரியக் கூடாதுன்னு அவர் சொன்னாரே மாமா" என்றேன். "அடப் போடா, பெருமைப்பட வேண்டிய விஷயம்" என்று பாயசத்தைக் குடித்தார். அதிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை.

அவர் கதை கைதட்டலோடு முடிந்துவிடும். அன்று நான் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அண்ணன் மகனைக் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தார். பையன் டிபன் கேரியரை மார்போடு அணைத்தபடி அவரை அண்ணாந்து பார்த்தான். அந்த முகத்தில் பயம் இருந்திருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும். அவ்வளவு பூரிப்பு.

"அப்பா, நீங்க எத்தினி பேர சுட்டீங்க?"

"வீட்ட போவம்" என்றார் அண்ணன்.

பையன் விடவில்லை. தெருமுனை திரும்புகிறவரை கேட்டுக்கொண்டே போனான்.